நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்: கேட் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருடம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஒரு சங்க அலுவலகத்தில் மனு எழுதுவது, சம்பளக் கணக்குப் பார்ப்பது, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என்று நாள் ஓடுகிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று அறிவித்ததிலிருந்து, தினமும் யாராவது ஒருவர் போனை நீட்டி வாட்ஸப்பில் வந்த செய்தியைக் காட்டி, "இது நிஜமா அண்ணா?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை முப்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை. ஆனால் நான்கு தொகுப்புகளையும் வரி வரியாகப் படித்திருக்கிறேன், பழைய சட்டங்களோடு பதினைந்து வருடம் புழங்கியிருக்கிறேன்.

முதலில், இந்த நான்கு தொகுப்புகள் என்ன?

ஒன்றிய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நீக்கி, நான்காகச் சுருக்கியிருக்கிறார்கள். ஊதியத் தொகுப்பு 2019-இல் வந்தது. தொழில் உறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தொகுப்பு ஆகிய மூன்றும் 2020-இல் வந்தன. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எல்லாமே இந்த 29-க்குள் அடக்கம். நம் பேச்சில் தினமும் வரும் "12(3) ஒப்பந்தம்" (சமரச அதிகாரி முன்னால் போடுவது), "18(1) ஒப்பந்தம்" (நிர்வாகமும் நாமும் நேரடியாகப் போடுவது) என்பதெல்லாம் 1947 சட்டத்தின் பிரிவு எண்கள். இனி அந்த எண்கள் புத்தகத்தில் இருக்காது. வாயில் மட்டும் கொஞ்ச காலம் இருக்கும்.

எல்லாமே கெட்டதுதானா?

இல்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டாலும், நீக்கினாலும், கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் முன்பு பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான், இப்போது எல்லாத் தொழிலுக்கும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை). உணவு டெலிவரி, டாக்சி ஆப் ஓட்டுகிற தம்பிகளின் பெயர் முதல்முறையாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இதையெல்லாம் மறுக்க மாட்டேன், கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்.

என் கவலை வேறு. காசாகக் கிடைப்பதில் சிலவற்றைக் கூட்டியிருக்கிறார்கள். முதலாளி நம்மோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்த கட்டாயத்தை ஒவ்வொரு இடமாகக் குறைத்திருக்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கையில் வாங்கும் சம்பளம் குறையுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் சின்னதுதான். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் குறைவாகக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சிறப்புப்படி என்று பிரித்துப் போடுவது கம்பெனிகளின் பழைய வழக்கம். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அப்போது குறையும். இனி இந்தப் படிகள் மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் 'ஊதியம்' என்றே கணக்கில் வரும். உங்கள் கம்பெனி 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து பிஎஃப் பிடிக்கிறது என்றால் கையில் வருவது குறைய வேண்டிய அவசியம் இல்லை. கிராஜுவிட்டி கூடும். "புதுச் சட்டத்தால் பிடித்தம் அதிகம்" என்று ஹெச்ஆர் சொன்னால் கணக்கை எழுதிக் கேளுங்கள்.

100 பேர், 300 பேர் என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் சொந்த வாழ்க்கையில் நடந்தது.

பழைய சட்டப்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு, லே-ஆஃப் (தற்காலிகமாக வேலை கொடுக்காமல் நிறுத்தி வைப்பது), ஆலை மூடல் எதுவானாலும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். புதிய தொழில் உறவுத் தொகுப்பு அதை 300 ஆக்கியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் அனுமதி தேவையில்லை. நோட்டீஸ், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு, முடிந்தது. நிலையாணைகளும் அப்படித்தான், அதாவது கம்பெனிக்குள் எது தவறு, எதற்கு என்ன தண்டனை, எப்படி விசாரிக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் விதிமுறை. முன்பு 100 பேருக்கு மேல் இருந்தால் கட்டாயம், இப்போது 300.

எங்கள் கம்பெனியில் 142 பேர் நிரந்தரம். ஒரு வருடம் திடீரென்று, ஆர்டர் குறைந்துவிட்டது, ஒரு லைனை மூடப்போகிறோம், 38 பேர் உபரி என்று நிர்வாகம் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டது. 100-க்கு மேல் இருந்ததால் விண்ணப்பத்தின் நகல் எங்கள் கைக்கு வந்தது, விசாரணைக்குத் தேதியும் வந்தது. அரசு அலுவலக அறை, மேலே சத்தம் போடும் மின்விசிறி, ஒரு பக்கம் நிர்வாகத்தின் வக்கீல் கோப்புகளோடு, இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். எங்களில் ஒருவர் டெஸ்பாட்ச் பகுதியில் இருபது வருடம் இருந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. சட்டைப்பைக்குள் இருந்து மடித்து வைத்த தினசரித் தாள்களை எடுத்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் அன்றைக்கு எத்தனை லாரி லோடு வெளியே போனது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். எட்டு மாதக் கணக்கு. ஆர்டர் குறையவில்லை, அதே வேலையைக் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்து இரவு ஷிஃப்டில் எடுக்கிறார்கள் என்பது அந்தத் தாள்களில் அப்படியே இருந்தது. அதிகாரி ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு நிர்வாகத்தின் பக்கம் திரும்பி, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

38 பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. சிலரை வேறு லைனுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த அதிகாரி பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை, கேள்வி கேட்டார். கேட்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் கேட்டார். இன்றைக்கு அதே 142 பேர் கம்பெனியில் அந்த அறையும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை, கையில் ஒரு கவர் மட்டும் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 300 என்பதோடு நிற்கவில்லை, அரசு விரும்பினால் அறிவிக்கை போட்டே அந்த எண்ணை இன்னும் உயர்த்திக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ திரும்பிப் போகத் தேவையில்லை.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம் நல்லதா, கெட்டதா?

கான்ட்ராக்டர் மூலம் போவதைவிட நல்லது. நேரடியாகக் கம்பெனியின் ஆள், பர்மனன்ட்டுக்குச் சமமான சம்பளம், சலுகை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பர்மனன்ட் ஆகும் வழியை இது அடைக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் வேலை முடிந்தது, அதை ஆட்குறைப்பு என்று சொல்லி நீங்கள் வழக்குப் போட முடியாது. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை.

தமிழ்நாட்டில் நமக்கென்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 470-ஆவது நாளில் 'பிரேக்' கொடுத்து அனுப்பிய கதை சிறீபெரும்புதூர் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் கிடைக்கும். அந்த ஏமாற்று வேலையைச் செய்யக் கம்பெனிகள் இவ்வளவு மெனக்கெட்டதே அந்தச் சட்டத்துக்குப் பல் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. மாநில அரசு அந்தச் சட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தில் இருப்பவன் சங்கத்தில் கையெழுத்துப் போட மாட்டான். இது கோழைத்தனம் அல்ல, வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பவனின் கணக்கு.

ஸ்ட்ரைக் செய்யும் உரிமையே போய்விட்டது என்கிறார்களே?

புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் சட்டப்படி ஒரு ஸ்ட்ரைக் செய்ய முடியுமா என்பதை நாள்காட்டியை வைத்தே பார்க்கலாம்.

மார்ச் 1 அன்று நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். பழைய சட்டத்தில் முன்னறிவிப்பு மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் கட்டாயம், அரசு ஆணை போட்டு வேறு சில தொழில்களை அதில் சேர்த்ததும் உண்டு. இப்போது எல்லாத் தொழிலுக்கும். சரி, காத்திருக்கிறீர்கள். மார்ச் 5 அன்று சமரச அதிகாரி முதல் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுகிறார். சமரசம் நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் ஸ்ட்ரைக் செய்யக் கூடாது. மார்ச் 18 அன்று பேச்சு முறிகிறது. ஏழு நாள் எண்ணிக்கொண்டு நீங்கள் பந்தல் போட ஆள் பார்க்கும்போது, மார்ச் 20 அன்று நிர்வாகம் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போய் மனு போடுகிறது. முன்பு அரசு பரிந்துரைத்தால்தான் இப்படிப்பட்ட தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகும், இப்போது இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் போகலாம். தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை, அது முடிந்து அறுபது நாள்வரை ஸ்ட்ரைக் கூடாது. தொழிலாளர் வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது கோர்ட் படி ஏறிய எல்லாருக்கும் தெரியும்.

மீறினால் சட்டவிரோத வேலைநிறுத்தம். 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவர், ஆதரவு கொடுத்தவருக்கு அபராதம் 50,000 வரை போகும். பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய். நாள் கூலி வாங்குகிறவனுக்குப் பத்தாயிரம் என்பது அரை மாத, ஒரு மாதச் சம்பளம்.

ஸ்ட்ரைக் என்று சொல்லாமல் எல்லாரும் ஒரே நாளில் லீவ் போட்டால்?

அதையும் யோசித்துவிட்டார்கள். ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று புதுத் தொகுப்பின் வரையறை சொல்கிறது.

ஆனால் ஸ்ட்ரைக் நம் அரசியலமைப்பில் உள்ள அடிப்படை உரிமை இல்லையா?

இல்லை, இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, 19(1)(இ) பிரிவு. அதற்குள் வேலைநிறுத்தம் அடங்காது என்று 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அடுத்த வருடம் மக்களவைத் தேர்தல், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளும் கட்சிக் கூட்டணி தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள், அதில் இதுவும் ஒன்று என்று அப்போது வாக்குச்சாவடியில் வேலை பார்த்த எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

சங்கம் அமைக்கும் சுதந்திரம், கூட்டுப் பேரம் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்று ஒப்புதல் கொடுக்கவில்லை. அந்த அமைப்பு தொடங்கிய நாள் முதல் நாம் உறுப்பினர் நாடு.

51 சதவீதம் இருந்தால்தான் சங்கமா?

சங்கம் பதிவு செய்ய அது தேவையில்லை. பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது, குறைந்தபட்சம் ஏழு பேர். 51 சதவீதம் என்பது பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம் என்ற அங்கீகாரத்துக்கு. எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு இல்லையென்றால் இருபது சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று குழு அமையும். ஒரு சங்கத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டும் என்று ஒன்றியச் சட்டத்தில் எழுதியது நல்ல விஷயம், பல வருடக் கோரிக்கை. ஆனால் எண்ணிக்கையை எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ரகசிய வாக்கெடுப்பு என்றால் தொழிலாளி மனதில் உள்ளது தெரியும். நிர்வாகத்தின் பதிவேட்டை வைத்து எண்ணினால் வேறு ஒன்று தெரியும்.

பதிவு செய்வதே எவ்வளவு பாடு என்பதற்குச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை போதும். சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுவரை 37 நாள் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள், கைது நடந்தது, பந்தலைப் பிரித்தார்கள், அடுத்த நாள் திறந்தவெளியில் உட்கார்ந்தார்கள். கம்பெனியின் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கலாமா என்பதே பெரிய தகராறு. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. இது பழைய சட்டம் இருக்கும்போதே நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பழைய தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததும் நம் ஊரில்தான் என்று சொல்லலாம். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை ஆணையும் வாங்கியது. சங்கம் நடத்தினால் நஷ்ட ஈடு கட்ட வேண்டுமா என்று நாடு முழுக்கக் கொதிப்பு எழுந்து, 1921-இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, கடைசியில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஓட்டுரிமை எல்லாருக்கும் வருவதற்குப் பல வருடம் முன்பே ஆலைத் தொழிலாளி சந்தா கட்டித் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

இது கம்பெனி விவகாரம்தானே, ஜனநாயகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறோம். அந்த ஒரு நாள் போக மற்ற நாளெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கம்பெனிக்குள் இருக்கிறோம். எப்போது ஒன்றுக்குப் போகலாம் என்பதிலிருந்து எந்த ஷிஃப்ட் என்பதுவரை யாரோ தீர்மானிக்கிறார்கள். அங்கே நம்மைக் கேட்டுச் செய்ய வைக்கும் ஒரே அமைப்பு சங்கம். அதன் கையைக் கட்டினால் கேட்டின் இந்தப் பக்கம் குடிமகன், அந்தப் பக்கம் வேறு ஏதோ.

சட்டம் வந்த விதத்தையும் பாருங்கள். 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில் மூன்று தொகுப்புகளும் மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் நிறைவேறின. வேளாண் மசோதா விவகாரத்தில் மாநிலங்களவையில் எட்டு எம்.பி.க்களை இடைநீக்கம் செய்திருந்தார்கள், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. கொரோனா காலம், வெளியே கூட்டம் கூடவும் முடியாது. கோடிக்கணக்கான பேருடைய வேலை வாழ்க்கையை மாற்றும் சட்டம் எதிர்க்கட்சி நாற்காலிகள் காலியாக இருந்த அவையில் நிறைவேறியது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்காரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு என்று ஒன்று 1940-களிலிருந்து நடந்துவந்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு உணவு எவ்வளவு, துணி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு 1957-இல் அளவுகோல் வகுத்தது அந்த மாநாடுதான். கடைசியாக அது கூடியது 2015 ஜூலையில். அதற்குப் பின் வந்தவைதான் இந்த நான்கு தொகுப்புகளும்.

எதிர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம். ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. அடுத்த நாள் எங்கள் பகுதியில் ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் கேட்டிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பல வருடத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம், 12 மணி நேர வேலை, மிச்சம் ஒன்பது மணி நேரத்தில் தூங்குவதா, பிள்ளையைப் பார்ப்பதா என்று ஒரு பெண் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மூன்று நாளில், 24-ஆம் தேதி, தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசி அரசு அதை நிறுத்தி வைத்தது. மே 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது தவறு, திரும்பப் பெற்றது சரி. கேட்டார்கள், மாற்றினார்கள்.

நீதிமன்றமும் சில நேரம் கை கொடுத்திருக்கிறது. கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்று அறிவித்தபோது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சட்டத்தைக் கடுமையாக வைத்தால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தொழிலாளிகளேதான், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தியாவில் எண்ணிக்கையில் அதிகத் தொழிற்சாலைகள் இருப்பது தமிழ்நாட்டில். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இங்கேதான். இதெல்லாம் 100 பேர் என்ற விதி இருந்தபோது, சங்கங்கள் இருந்தபோது, ஸ்ட்ரைக்குகள் நடந்தபோது வந்தவை. ராஜஸ்தான் 2014-லேயே 300 ஆக்கியது. ஒரகடத்திலிருந்து யாரும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போகவில்லை. கம்பெனி வருவது துறைமுகத்துக்கு, மின்சாரத்துக்கு, படித்த பிள்ளைகளுக்கு, சாலைக்கு. தொழிலாளியின் வாயை அடைத்தால்தான் வருவேன் என்கிற கம்பெனி வந்து நமக்கு என்ன கிடைத்துவிடும்?

பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் கட்டாயமா?

இல்லை, உங்கள் சம்மதம் வேண்டும். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது, அதனால் நம் பக்கம் இது புதிதும் இல்லை. பிரச்சினை அந்தச் 'சம்மதம்' என்ற சொல்லில். வேலைக்குச் சேரும் நாளில் இருபது தாள்களை அடுக்கி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறார்கள். அதில் எட்டாவது தாளோ ஒன்பதாவது தாளோதான் இரவு வேலைக்கான சம்மதம். போன மாதம் வந்த ஒரு தங்கை அப்படிப் போட்டது தனக்கே தெரியாது என்றாள். படித்துவிட்டுப் போடுங்கள். நேரம் கேளுங்கள், நகல் கேளுங்கள்.

துணிக்கடையில் நிற்கும் சகோதரிகள் கேட்கிறார்கள்: உட்காரும் உரிமை இருக்கிறதா? இருக்கிறது. அது 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் மாநிலம் கொண்டுவந்த திருத்தம். நாற்காலி போடாவிட்டால் புகார் கொடுங்கள்.

டெலிவரி வேலை பார்க்கிறேன். எனக்கு என்ன கிடைக்கும்?

ஆப் நடத்தும் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் (டர்ன்ஓவர்) 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும், ஆனால் உங்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. விபத்துக் காப்பீடு, உடல்நலம் போன்றவை அந்த நிதியிலிருந்து. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று தனி நல வாரியமும் 2023-இல் அமைந்தது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம், எட்டு மணி நேரம், ஐடியை முடக்கினால் விசாரணை என்று எதுவும் உங்களுக்காக இந்தத் தொகுப்புகளில் எழுதப்படவில்லை. நீங்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறீர்கள்.

கட்டடம், ஆட்டோ, சலவை, தையல் தொழிலாளர்களுக்கு 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டப்படி நல வாரியங்கள் இருக்கின்றன. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உடனே புதுப்பியுங்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு?

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தும், இப்போது 50. 45 பேரை வைத்திருக்கும் சின்னக் கான்ட்ராக்டரிடம் உரிமம் கேட்க முடியாது. கம்பெனிகளும் ஒரு கான்ட்ராக்டருக்குப் பதில் மூன்று பேரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தொழிற்சாலை என்ற வரையறையும் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேரிலிருந்து 20 பேர், இல்லாத இடத்தில் 20-லிருந்து 40. சின்னப் பட்டறைகள் நிறைய வெளியே போய்விடும். விரல் துண்டாகும் விபத்து அந்த மாதிரிப் பட்டறைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

நியமனக் கடிதம் கேளுங்கள், வாட்ஸப்பில் கேட்டாலும் பதிவாகும். சம்பள சிலிப்பை மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள், கம்பெனி ஆப்பில் இருக்கிறது என்று விடாதீர்கள், வேலையை விட்ட மறுநாள் அந்த ஆப் திறக்காது. யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் அடையாள எண்ணை வைத்து பிஎஃப் பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண்ணை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். ஓவர்டைம் பார்த்த நாளையும் நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள், பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். வரும்போது மூன்று மாத சிலிப்பும் அந்த நோட்டும் எடுத்து வாருங்கள்.